வந்தான், வந்தார்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தமிழ்த்துறை ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே, வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இந்த அறக்கட்டளையின் நிறுவனர் ஐயா அவர்களே, வணக்கம்.

முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் என் பொருள் தொடங்கிவிட்டது. தலைவருக்கு ‘அவர்கள்’ சேர்த்தேன். ஆசிரியர்களுக்குப் ‘பெருமக்கள்’ என்றேன். மாணவர்களை வெறுமே மாணவர்களே என்றேன். யாரும் இதை எனக்கு எழுதித் தரவில்லை. யாருக்கு எவ்வளவு என்று வாய் தானாக அளந்து கொடுத்தது. அந்த அளவுபடி யாருடையது, எந்தக் காலத்தில் செய்தது, அது சரியாக அளக்கிறதா என்பதைத்தான் இந்த ஒரு மணி நேரத்தில் உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

தமிழில் ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால் நடுவில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ‘நேற்றுச் சாயங்காலம் வாசலில் ஒரு ஆள் வந்து’ என்பது வரைக்கும் ஒன்றும் தெரியாது. அடுத்த சொல் ‘நின்றான்’ என்பதா, ‘நின்றார்’ என்பதா? அந்தக் கடைசி எழுத்துக்குள் வந்தவருடைய வயது, சட்டை, செருப்பு, சாதி, அவரிடம் நமக்கு ஆக வேண்டிய காரியம் எல்லாம் எடைபோடப்பட்டுத் தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. கேட்பவர் வந்த ஆளைப் பார்க்காமலே அவருக்கு உரிய இடத்தைத் தெரிந்துகொள்கிறார். பட்டம் கொடுக்க ஓர் அரசர் வேண்டும், அல்லது அரசாங்கம் வேண்டும், மடமோ சங்கமோ வேண்டும். ‘ஆர்’ கொடுக்க வாயுள்ள எவரும் போதும். மரியாதையைப் பற்றி ஆராய்கிறவர்கள் பட்டங்களின் பட்டியலோடு நின்றுவிடக் கூடாது என்பது என் கட்சி. பட்டங்களைப் பற்றியும் பேசுவேன்; அவற்றில் சுவை நிறைய உண்டு. ஆனால் நான் வந்திருப்பது இந்த விகுதிக்காக.

ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் தோன்றிய உயர்சொல், இலக்கண நெறியில் அமைந்ததன்று என்ற கருத்தைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பதிந்துவைத்திருக்கிறார். மாணவனாக இருந்தபோது இதை ஒரு விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்தேன். பல ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகுதான் அந்த இடத்தில் நின்றேன். ஒருமை பன்மைக் கணக்குப்படி இது தவறு. ஆனால் மக்கள் இப்படித்தான் பேசுகிறார்கள், காரணம் உயர்வு. இலக்கண ஆசிரியர் தம் கணக்கைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு ஊர் நடப்புக்குச் சாட்சி சொல்கிறார். இலக்கணம் தராத மரியாதையை மக்கள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியவில்லை. அதே இயலில் இன்னொரு விதியும் உண்டு. சிறப்பால் வந்த பெயரும் இயற்பெயரும் சேர்ந்து வரும்போது இயற்பெயரை முன்னே சொல்ல மாட்டார்கள். ‘புலவர் இன்னார்’, ‘டாக்டர் இன்னார்’ என்று நாம் இன்று எழுதும் வரிசை அவர் சொன்ன வரிசைதான்.

அந்த உயர்வுப் பன்மைக்கு அப்புறம் நேர்ந்ததைப் பாருங்கள். பழந்தமிழில் ‘நீ’ ஒருவர், ‘நீயிர்’, ‘நீவிர்’ பலர். பலருக்கு உரிய ‘நீர்’ மரியாதையாக ஒருவருக்குப் போனது. பலரைச் சொல்ல வேறு சொல் வேண்டியதாயிற்று; ‘கள்’ சேர்ந்து ‘நீங்கள்’ வந்தது. அதுவும் ஒருவருக்கே போய்விட்டது. இப்போது பலரை அழைக்க ‘நீங்க எல்லாரும்’ என்கிறோம். ‘அவர்’ என்பதும் இதே வழியில் நடந்தது. பலரைக் குறித்த சொல் ஒருவரைக் குறிக்க வந்து, பழகிப் பழகி மரியாதை போதாமல், மேலே ‘கள்’ ஏறி, ‘அவர்கள்’ என்று பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. அந்தக் ‘கள்’ பழைய இலக்கணத்தில் அஃறிணைப் பெயருக்கு உரிய பன்மை விகுதி. மரங்களுக்கும் மாடுகளுக்கும் சொன்னது, இன்று மேடைக்கு மேடை பெரியவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ‘அவர்’ தேய்ந்தது, ‘அவர்கள்’ வந்தது. ‘அவர்கள்’ தேயத் தொடங்கியதும் முன்னால் ‘உயர்திரு’, ‘மாண்புமிகு’, ‘மேதகு’ என்று முட்டுக் கொடுக்கிறோம்.

இந்தத் தேய்மானம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ‘அவங்க வந்தாங்க’. மதுரை, சிவகங்கை வட்டாரத்தில் ‘அவுக வந்தாக’. நெல்லையில் ‘அவிய வந்தாவ’. நெல்லைக்காரர்கள் ‘வாரும்வே’, ‘என்னவே சொல்லுதீரு’ என்று பேசிக்கொள்ளும்போது, மற்ற ஊர்களில் ஏட்டோடு போன ‘நீர்’ அங்கே வெயிலில் நடமாடுகிறது. யாழ்ப்பாணத்தில் அது இன்னும் அழகு. நண்பருக்கு நண்பர், மனைவிக்குக் கணவர், ‘இரும்’, ‘சாப்பிடும்’, ‘நீர் யோசியாதையும்’ என்பார்கள். ‘நீ’ என்ற வீட்டுக்கூடத்துக்கும் ‘நீங்கள்’ என்ற தெருவுக்கும் நடுவே அது ஒரு திண்ணை. உரிமையும் உண்டு, தூரமும் உண்டு. எங்கள் பக்கத்தில் அந்தத் திண்ணையை இடித்துவிட்டோம். அதனால்தான் புதிதாக அறிமுகமான ஒருவரோடு நெருங்கும்போது எந்த நாளில் ‘நீங்க’ளிலிருந்து ‘நீ’க்கு இறங்குவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தடுமாறுகிறோம்.

கோயம்புத்தூரில் நான் படித்த காலத்தில் விடுதிக்கு எதிரே ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் என்னைவிட முப்பது வயதாவது மூத்தவர். முதல் நாள் அரைக்கால் படி அவலுக்குப் போய் நின்றேன். ‘ஏனுங் தம்பி, என்ன வேணுங்க?’ என்றார். திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் யாருமில்லை. அதுவரை என் வயதுப் பையனுக்கு ‘ங்க’ போட்டு நான் கேட்டதில்லை. கொங்குப் பக்கத்தில் இடுப்புக் குழந்தையைக்கூட ‘வாங்க சாமி’ என்று கூப்பிடுவதைப் பிறகு நாள்தோறும் கேட்டேன். அந்தப் பேச்சிலும் ஏற்றத்தாழ்வு இருந்தது, யாருக்கு அந்த ‘ங்க’ கிடைக்காது என்பதும் எனக்கு மெல்லத் தெரிந்தது. ஆனாலும் பதினெட்டு வயதில் கிடைத்த அந்த ஒரு எழுத்து என்னை நிமிர்ந்து நிற்கச் சொன்னதை மறக்க முடியவில்லை.

பெண்களுக்கு இந்த அளவுபடி எப்படி அளந்தது என்பது தனிச் சொற்பொழிவுக்கு உரியது. ஒன்று மட்டும். நம் பேச்சில் ‘அவரு’ என்றால் அது ஆண்தான். எழுத்தில் இன்று பெண்ணுக்கும் ‘அவர்’ எழுதுகிறோம். வாயில் அது இன்னும் வரவில்லை, ‘அவங்க’ என்ற பன்மையைத்தான் நாட வேண்டும். பழைய உரைநடையைப் புரட்டினால் மனைவிக்குக் கணவன் ‘அவர்’, கணவனுக்கு மனைவி ‘அவள்’. இருவரும் ஒரே வீட்டில் ஒரே பாயில் இருந்தவர்கள்.

கடவுளிடம் பேசும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதைக் கவனித்தால் மரியாதை என்பது நாம் நினைக்கிற அளவுக்கு எளிதானதில்லை என்று தெரியும். நாயன்மார்களும் ஆழ்வார்களும் இறைவனைப் பெரும்பாலும் ‘நீ’ என்றே கூப்பிட்டார்கள். தாயைக் கூப்பிடுகிற உரிமை அது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியதிலிருந்து வளர்ந்த கிறித்தவத் தமிழ், ஜெபத்தில் ‘நீர்’, ‘உம்முடைய’, ‘தேவரீர்’ என்ற வழக்கை நிலைநிறுத்தியது. தமிழ் முஸ்லிம்கள் அல்லாஹ்வை ‘அவன்’ என்கிறார்கள். நபியை ‘அவர்கள்’ என்கிறார்கள். ஒரே இறைவன் என்ற நம்பிக்கையில் பன்மை விகுதியின் நிழல்கூட விழக் கூடாது என்ற கவனம் அந்த ‘அவன்’. மூன்றும் பக்தி. மூன்றும் ஒரே மொழியின் விகுதிகளால் செய்யப்பட்டவை. ‘அவன்’ என்பது இழிவு, ‘அவர்’ என்பது உயர்வு என்று வாய்ப்பாடு போடுகிறவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் உரையைக் கேட்க வேண்டும்.

ஆகவே ‘நீ’ என்ற சொல்லில் குற்றமில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ‘நீ’ என்றால் அது அன்பு. ஒருவர் மட்டும் ‘நீ’ என்று, மற்றவர் ‘நீங்க’ என்றே சொல்ல வேண்டும் என்றால், இடையில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இனிப் பட்டங்கள். மதுரைக்கு அருகே மாங்குளத்தில், மீனாட்சிபுரம் குன்றின் குகைத்தளங்களில் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தவை. பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் உள்ளவை. கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தவை. அவற்றில் ஒன்றில் வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவைச் சேர்ந்த ஒருவருக்குக் ‘காவிதி’ என்ற பட்டம் வெட்டப்பட்டிருக்கிறது. தமிழ் எழுத்தாகக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளிலேயே ஒரு பட்டம் உட்கார்ந்திருக்கிறது. ஏனாதி, காவிதி, எட்டி ஆகிய மூன்றும் அரசன் தந்த பழைய சிறப்புகள். படைத்தலைவனுக்கு ஏனாதி, அதற்கு அடையாளம் மோதிரம். அமைச்சிலும் வேளாண்மையிலும் சிறந்தோருக்குக் காவிதி. வணிகருக்கு எட்டி, அதற்குப் பொன்னால் செய்த பூ. சிலப்பதிகாரத்தில் எட்டி சாயலன் வருகிறான், மணிமேகலையில் எட்டிகுமரன். அரசன் செய்யும் இத்தகைய சிறப்புக்கு ‘மாராயம்’ என்று பெயர். ஆடல் மகளுக்கும் பட்டம் உண்டு. மாதவி அரங்கேறியபோது பெற்ற தலைக்கோல், தோற்ற மன்னரிடமிருந்து கைப்பற்றிய வெண்கொற்றக் குடையின் காம்பால் செய்யப்படுவது என்கிறது சிலப்பதிகாரம். பகை அரசனின் குடைக்காம்பு ஒரு கலைஞரின் கைக்கு வருகிறது. பின்னாளில் கோயில் கல்வெட்டுகளில் ‘தலைக்கோலி’ என்று பெயரோடு சேர்த்து எழுதப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பழைய பட்டங்களில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. அவை செய்த தொழிலைச் சொல்கின்றன. ஏனாதி என்றால் படை நடத்தினான். தலைக்கோலி என்றால் ஆடிக் காட்டினாள்.

சோழர் காலத்தில் பட்டம் பெருகியது. கல்வெட்டில் அதிகாரிகளின் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் மூவேந்தவேளான், பிரமராயன், பேரரையன், விழுப்பரையன், பல்லவராயன் என்று வந்துகொண்டேயிருக்கும். நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மாத்சுயி மூவரும் சேர்ந்து 1978இல் சோழர் கல்வெட்டுகளில் உள்ள ஆட்பெயர்களை அகரவரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். பெயர்களை எண்ணி அடுக்கும் வேலை சிறியதுபோலத் தோன்றும். ஆனால் எந்தப் பட்டம் எந்த நூற்றாண்டில் மிகுகிறது, எப்போது அருகுகிறது என்று கணக்கெடுத்தால் அரசு எப்படி இயங்கியது என்பது துலங்கும் என்று அவர்கள் காட்டினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவர் இராஜராஜனின் படைத்தலைவர் கிருஷ்ணன் இராமன். அவர் பட்டம் மும்முடிச்சோழப் பிரமராயன். மும்முடிச்சோழன் என்பது அரசனின் பெயர். அதே கோயிலில் தச்சர் குஞ்சரமல்லனுக்கு இராஜராஜப் பெருந்தச்சன் என்று பட்டம். படைத்தலைவரானாலும் தச்சரானாலும் அரசனின் பெயரைத் தம் பெயரோடு சுமக்கிறார்கள். கொடுத்தவனை ஊர் மறக்காமலிருக்க அது வழி. ஆனால் அந்தப் பெருந்தச்சர் விஷயத்தில் எனக்கு மனம் நிறைகிறது. கல்லை அடுக்கி அந்த விமானத்தை நிறுத்திய ஒருவருடைய இயற்பெயர் ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் நமக்குத் தெரிகிறது என்றால், அவருக்கு ஒரு சிறப்புக் கொடுத்துக் கல்லில் எழுத வேண்டும் என்று யாருக்கோ தோன்றியதால்தான்.

பட்டம் கொடுத்தது ஓர் ஆளுக்கு. அவர் போன பின்னும் பட்டம் போகவில்லை. மகன் எடுத்துக்கொண்டான், பேரன் எடுத்துக்கொண்டான், பங்காளிகள் எடுத்துக்கொண்டார்கள், கடைசியில் ஒரு சாதி முழுவதும் எடுத்துக்கொண்டது. கல்வெட்டில் அரசனுக்கு உடையார், தேவர். முதலி என்பது முதன்மையானவர். பிள்ளை என்பது மகன் என்ற சொல். பெரும் பதவியில் இருந்தவர்கள் பெயரில் பிள்ளைப் பல்லவராயர் என்று வருகிறது. இவையெல்லாம் பெயருக்குப் பின்னால் போய்ச் சாதிப் பெயர் ஆயின. கடல் தாண்டி இலங்கையில் இதே ‘முதலியார்’ வேறு வழியில் போனது. அங்கே காலனி அரசு உள்ளூர்த் தலைமைக்காரர்களுக்குக் கொடுத்த பதவிப் பெயர் அது. சிங்களவரும் தமிழரும் அதைப் பெற்றார்கள். ‘பண்டைய யாழ்ப்பாணம்’ பற்றி 1926இல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய முதலியார் செ. இராசநாயகம் பெயருக்கு முன்னால் நிற்பது அந்தப் பதவி. இங்கிருந்து போகும் ஆராய்ச்சி மாணவர்கள் அதைச் சாதி என்று படித்துத் தடம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டம் சாதியாகக் கெட்டித்துப்போனால் பட்டமில்லாதவர்களுக்கு என்ன ஆகும்? அதற்கு ஒரு சான்று கொண்டுவந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் தகரப் பெட்டி ஒன்று உண்டு. தாத்தா காலத்துப் பத்திரங்கள். கரையான் தின்றது போக மிச்சம். சுதந்திரத்துக்கு முந்தைய இரண்டு கிரயப் பத்திரங்கள் அதில் அடுத்தடுத்து இருந்தன. ஊர், பத்திரம் எழுதியவர் கை, மசி எல்லாம் ஒன்று. முதல் பத்திரம், தெற்கே குடியிருந்த ஓர் உழவர் தம் கால் வேலி நிலத்தைப் பண்ணையாருக்கு விற்றது. வாங்குகிறவர் பெயர், இன்னார் ‘குமாரர்’ இன்னார் ‘அவர்களுக்கு’ என்று வருகிறது. விற்கிறவர் பெயர், இன்னான் ‘மகன்’ இன்னான். பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர் தம்மைத் தாழ்த்திச் சொல்வது வழக்கம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பத்திரத்தை விரித்தேன். அதில் பண்ணையார் விற்கிறார், அந்த உழவரின் தம்பி ஒரு மனைக்கட்டு வாங்குகிறார். எழுதிக் கொடுப்பவர் தாழ வேண்டும் என்பது விதியானால் இங்கே பண்ணையார் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லை. இன்னான் ‘மகன்’ இன்னானுக்கு, இன்னார் ‘குமாரர்’ இன்னார் எழுதிக் கொடுத்தது. காசு கைமாறியது, மண் கைமாறியது, விகுதி மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. ஒருவருக்குப் பிறந்தால் குமாரர், இன்னொருவருக்குப் பிறந்தால் மகன். இரண்டு பத்திரத்தையும் பாயில் வைத்துக்கொண்டு அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த உழவரின் பேரனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். என் பாட்டி அவன் தாத்தாவை, எழுபது வயதுக்காரரை, ‘வாடா’ என்று கூப்பிட்டதும், அவர் ஆறு வயதான என்னைச் ‘சின்னய்யா, வாங்க’ என்றதும் நினைவுக்கு வந்தன. நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். ‘நீ’ என்றேன். அவர் ஒருநாளும் என்னைத் திருத்தவில்லை. திருத்தியிருக்க வேண்டியவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் பட்டங்களைப் பாருங்கள். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று படிப்படியாக உயர்வது. முஸ்லிம்களுக்கு கான் சாகிப், கான் பகதூர். படித்தவருக்கு மகாமகோபாத்தியாயர்; உ. வே. சாமிநாதையருக்கு 1906இல் அது கிடைத்தது. சுதந்திரப் போராட்ட வரலாறு இந்தப் பட்டங்களைத் துறந்தவர்களைப் போற்றுகிறது, நியாயம். சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு 1917இல் கடிதம் எழுதியதால் எழுந்த எதிர்ப்பில் தம் பட்டங்களைத் துறந்தார். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் 1919இல் தாகூர் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார். 1920இன் ஒத்துழையாமைத் திட்டத்திலேயே பட்டத் துறப்பு ஓர் அம்சம்.

ஆனால் இரட்டைமலை சீனிவாசன் 1926இல் ராவ் சாகிப், 1930இல் ராவ் பகதூர், 1936இல் திவான் பகதூர் ஆனார். தீண்டாமைக்கு ஆளான மக்களின் தலைவர். வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். அவர் ஏன் அன்னியர் பட்டத்தை வைத்துக்கொண்டார் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் அந்த இரண்டு பத்திரங்களையும் காட்டுவேன். பிறந்தபோதே ‘குமாரர்’ ஆனவர் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவர் ஐயாதான், முதலியார்தான். எந்தத் தெருவிலும் அவரை யாரும் ‘வாடா’ என்று கூப்பிடப் போவதில்லை. தம் சனங்களுக்கு ஊர் ‘ஆர்’ விகுதியைக்கூடத் தராத காலத்தில், கச்சேரித் தாளில் அவர் பெயருக்கு முன்னால் எவரும் விட்டுவிட முடியாதபடி ஒரு சொல் நின்றது. அதற்கு ஒரு பயன் இருந்தது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1922இல் சென்னை மாகாண அரசு பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதிலாக ‘ஆதிதிராவிடர்’ என்று ஆவணங்களில் எழுத ஆணையிட்டதும் இதே போராட்டத்தின் பகுதி. எப்படி அழைக்கப்பட வேண்டும் என்பதற்காக மனுப்போட்டு, கூட்டம் கூட்டிப் போராட வேண்டியிருந்தது அவர்களுக்கு.

1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. இந்தியாவின் பல மாநிலங்களில் இன்றும் பெயரைக் கேட்டால் சாதி தெரியும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அப்பாவின் பெயரின் முதலெழுத்துத்தான் தெரியும். நூறு ஆண்டுகூட ஆகாத ஒரு மாற்றம் இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு உலகத்தில் அதிகம் உதாரணங்கள் இருக்காது. பட்டத்தை வெட்டிய அந்த இயக்கத்தின் தலைவருக்கு 1938 நவம்பர் 13 அன்று, சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு ‘பெரியார்’ என்று பெயர் வைத்தது. மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். அந்தப் பெயரில் சாதியும் இல்லை, அரசனும் இல்லை. ‘பெரிய’ என்ற சொல்லும் ‘ஆர்’ விகுதியும் மட்டும். தொல்காப்பியர் சாட்சி சொன்ன அதே உயர்சொல். 1967இல் அமைந்த அண்ணா ஆட்சியில் ‘ஸ்ரீ’, ‘ஸ்ரீமதி’, ‘குமாரி’க்குப் பதிலாகத் திரு, திருமதி, செல்வி அரசு எழுத்தில் வந்தன. ஏழை பணக்காரர் எல்லாருக்கும் ஒரே ‘திரு’. வாக்காளருக்கும் அமைச்சருக்கும் ஒரே சொல்லை வைத்தது எனக்கு மிகவும் உகந்த செயல். பின்னாளில் அமைச்சர்கள் மட்டும் ‘மாண்புமிகு’க்கு ஏறிக்கொண்டார்கள்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, படைத்துறை, கல்வித் தகுதிகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது. 1954இல் தொடங்கிய பாரத ரத்னா, பத்ம விருதுகள் 1977இல் நிறுத்தப்பட்டு 1980இல் திரும்பி வந்தன. அவை பட்டங்கள் ஆகா. ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் தீர்ப்பளித்தது. திருமண அழைப்பிதழ்களில் இதை நாம் யாரும் பின்பற்றுவதில்லை.

சட்டம் பட்டத்தைத் தடுக்க முடிந்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுவிடத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. ஆனால் ‘வந்தான்’ என்பதற்கு எந்தச் சட்டப் பிரிவும் கிடையாது. கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வருகிறார். வீட்டுப் பையன் உள்ளே பார்த்து ‘அம்மா, அவன் வந்துட்டான்’ என்கிறான். ஓர் ஆஸ்பத்திரியின் பொது வார்டில், என் தாயாருக்குத் துணையாக நான் படுத்திருந்த எட்டு நாளும், காலையில் படுக்கை படுக்கையாக ‘ஏய், எழுந்திரு, நாக்கை நீட்டு’ என்ற குரலைக் கேட்டேன். நாக்கை நீட்டியவர்களில் பேரன் பேத்தி எடுத்தவர்கள் பாதிப்பேர். கட்டண வார்டு மாடியில் இருந்தது. ஒருநாள் மருந்துச் சீட்டுக்காக அங்கே போனேன். அதே குரல் ‘கொஞ்சம் நாக்கை நீட்டுங்க சார்’ என்றது. அந்தக் குரலுக்கு ‘ங்க’ தெரியாமலில்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொள்வது ஒன்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ‘வாங்க, உட்காருங்க’ என்று கூப்பிடுங்கள். செல்லமாக ‘வாடா தங்கம்’ என்பதைத் தடுக்கவில்லை. ஆனால் அந்தச் செல்லம் யார் யாருக்குக் கிடைக்கிறது, வெறும் ‘டா’ யார் யாருக்குக் கிடைக்கிறது என்று ஒரு வாரம் உங்கள் காதாலேயே கேட்டுப் பாருங்கள் என்பேன். செய்து பார்த்தவர்களில் சிலர் திரும்பி வந்து என்னிடம் பேசியிருக்கிறார்கள். ஒரு ஆசிரியை சொன்னார்: ‘அய்யா, ரெண்டாவது வாரத்துலயே பிள்ளைங்க ஆயாம்மாவை ‘வாங்க’ன்னு கூப்பிட ஆரம்பிச்சிருச்சுங்க.’ ஆயாம்மா என்பவர் அந்தப் பள்ளியைப் பெருக்கித் துடைப்பவர்.

இந்த அறக்கட்டளையைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். நிறுவனர் அனுமதி தந்திருக்கிறார். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துத் தம் தாயாரின் பெயரில் இதை வைத்திருக்கிறார். தாயார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். ஊரில் யாரும் அவர் பெயரை முழுதாகச் சொன்னதில்லை. பாதிப் பெயரும் ஒரு ‘ஏ’யும்தான். அறக்கட்டளைப் பத்திரம் எழுதும்போது நிறுவனர் அந்தப் பெயருக்குப் பின்னால் ‘அம்மாள்’ என்று சேர்த்தார். ஆவணத்தைத் தட்டச்சு செய்தவர், வாக்காளர் பட்டியலிலும் இறப்புச் சான்றிதழிலும் வெறும் பெயர்தானே இருக்கிறது, இதை எடுத்துவிடலாமே, வித்தியாசம் வந்தால் கேள்வி வரும் என்றாராம். ‘கேள்வி வந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அந்தச் சொல் இருக்கட்டும்’ என்று இவர் சொல்லிவிட்டார். நீங்கள் கையில் வைத்திருக்கும் அழைப்பிதழில் மேலிருந்து மூன்றாவது வரியில் அந்தப் பெயர் இருக்கிறது.